பதில்: 13 வயது மகள் இனிமேல் சைக்கிள் பழக முடியுமா?

அக்கா, மகள் டியூஷனுக்குத் தானே போக ஆசைப்படுகிறாள், மாமியார் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். 13 வயது தாராளமாகப் போதும்.

பின்னால் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர்தான். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இரு பாதமும் தரையில் பதியும் அளவுக்குச் சீட்டை இறக்கி, காலால் உந்திப் போகச் சொல்லுங்கள். காலைத் தூக்கியபடி கொஞ்ச தூரம் உருள முடிந்தால் சரி, பெடலை மாட்டலாம். லயத்து வீடுகளுக்கு முன்னால் மட்டும் வேண்டாம், வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும். உங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் காலியான திடலா இல்லை!

நீளப் பாவாடை வைத்த பாஜு கூரோங் உடையோடு ஓட்டுவாள் என்றால் சங்கிலி மூடி உள்ள சைக்கிள் வாங்குங்கள். செம்பனைக் குலை லோரி ஓடும் சாலைக்குப் பிரேக் நன்றாகப் பழகிய பிறகு விடலாம், ஹெல்மெட்டோடு.

மாமியாரின் பூர்வீகம் புதுக்கோட்டை என்றீர்களே, அது நல்லதாகப் போயிற்று. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். கல்லுடைக்கும் பெண்கள், வயல்வேலைப் பெண்கள் எல்லாம் ஓட்டினார்கள். கேலியும் இருந்தது, ஓட்டுவதை நிறுத்தவில்லை. அதைச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், முன்னால் ஒரு கூடை மாட்டுங்கள். வெற்றிலை வாங்க ஆள் கிடைத்தால் மாமியாரின் எதிர்ப்பு பாதி குறைந்துவிடும்.