மனைவி அழுகிறாள், அம்மா நடிப்பு என்கிறார்: யாரை நம்புவது?

தம்பி, குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகியும் மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள், அம்மா அதை நடிப்பு என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொன்ன மாமியார்களில் நானும் ஒருத்தி.

மாமியார் என்றதும் திட்ட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். மருமகளுக்கு வெந்நீர் போட்டதும் பூண்டுக் குழம்பு வைத்ததும் நான்தான். மூன்றாம் மாதம் ஆரணியிலிருந்து குடியாத்தத்துக்கு அழைத்து வந்தோம். கார் வாடகையும் எங்கள் தலையில். சம்பந்தி வீட்டார் இரண்டாவது பேத்திக்குப் போட்ட கொலுசு, மூத்தவளுடையதில் பாதி எடைகூட இல்லை. அது வேறு கதை, ஆனால் மறக்கவில்லை.

வந்த நாளிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை தூங்கினாலும் அவள் கண் மூடமாட்டாள். காற்று கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினேன். அதற்கும் அடங்கவில்லை என்றதும், "நான்கு பெற்றவள் நான், எனக்கு வராத அழுகையா?" என்று கேட்டுவிட்டேன். 14 வாரத் தடுப்பூசி போட்டபோது குழந்தை வீரிட்டது. இவள் நிமிரவே இல்லை. அதைப் பார்த்த செவிலியர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நாளைக்கே வேலூருக்கு அழைத்துப் போங்கள்" என்றார்.

மனநல மருத்துவர் பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். தன்னையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா என்பது கடைசிக் கேள்வி. அவள் பேனாவை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிரசவமான இரண்டு மூன்று நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடுமாம். அதைத் தாண்டி நீடித்தால் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோயாக இருக்கலாம், ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்றார். தைராய்டும் பார்த்தார்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை இருக்கிறது. அவள் தேறப் பல வாரம் பிடித்தது.

பிறகு மகன் ஓர் ஆய்வைப் படித்துச் சொன்னான். நம் வேலூர்ப் பக்கம் கணியம்பாடியில் 301 தாய்மார்களைப் பார்த்து எழுதி 2002இல் வந்தது. நூற்றுக்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பின் இந்த நோய் வந்திருக்கிறது. வருமானக் குறைவு, கை உதவிக்கு ஆளில்லாதது, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறப்பது, மாமியாரோடு மனக்கசப்பு எல்லாம் இந்த நோயோடு சேர்ந்து காணப்பட்டவையாம். அந்த இடத்தில் அவன் நிறுத்திவிட்டான். "இதுவும் பெண்ணா?" என்று பிரசவ வார்டு வாசலில் நான் கேட்டது அவன் காதிலும் விழுந்ததுதானே. பெற்றோரோடு மனக்கசப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் சத்தமாகப் படிக்கவில்லை.

உங்கள் அம்மாவிடம் இதைக் காட்டுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றி உங்கள் மனைவி வாய் திறந்தால், அல்லது இல்லாததைப் பார்ப்பதாகச் சொன்னால், தொலைபேசியோடு நிற்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள். இன்று இரவு குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவளை நான்கு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்க விடுங்கள்.