பிள்ளைக்குச் சோறு தீத்தும் காலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை பிள்ளைக்கு முதன்முதலாகச் சோறு தீத்துவது பற்றியே இருந்தமையால், ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்துள்ளேன்.

கேள்வி: என் மகளுக்கு நாலரை மாதம். இரவில் அடிக்கடி எழும்பி அழுகிறாள். நாங்கள் சாப்பிடும்போது எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பால் காணாது, ஐந்தாம் மாதம் முடிவதற்குள் நல்ல நாள் பார்த்துக் கோயிலிற் சோறு தீத்துவோம் என்று மாமி சொல்கிறார். கிளினிக்கிலோ ஆறு மாதம் முடியட்டும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
— கொக்குவில்

பதில்: கிளினிக்கிற் சொல்வதையே கேளுங்கள். ஆறு மாதம், அதாவது 180 நாள் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனமும் நமது சுகாதாரத் திணைக்களமும் ஒருமித்துச் சொல்லும் விதி. இந்த வயதில் இரவில் எழும்புவது பெரும்பாலான பிள்ளைகளின் இயல்பேயன்றிச் சோற்றுப் பசிக்கு அடையாளமன்று. வாயைப் பார்ப்பதும் அப்படியே, அவள் உங்கள் கைத்தொலைபேசியையும் அதே ஆவலோடுதான் பார்ப்பாள். கவனிக்க வேண்டிய அடையாளங்கள் வேறு: தலை ஆடாமல் நிற்க வேண்டும், சாய்மானம் கொடுத்தால் இருக்க வேண்டும், பொருட்களைக் கையால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு தானாகவே வெளியே தள்ளும் பழக்கம் நீங்கியிருக்க வேண்டும். இவை பெரும்பாலும் ஆறாம் மாத முடிவை ஒட்டியே ஒன்றுசேர்கின்றன. நிறை ஏறாத பிள்ளைக்கோ மாதம் நிறையுமுன் பிறந்த பிள்ளைக்கோ வைத்தியர் வேறு நாள் குறிக்கக்கூடும். அதனை அவரிடமே விட்டுவிடுங்கள்.

மாமியுடன் வாதாடத் தேவையில்லை. பெண் பிள்ளைக்கு ஒற்றை மாதத்திலும் ஆண் பிள்ளைக்கு இரட்டை மாதத்திலும் சோறு தீத்துவது நமது வழக்கம். ஆறு மாதம் நிறைந்த மறுநாளே ஏழாம் மாதம் தொடங்கிவிடுவதால், நல்ல நாளை அந்த மாதத்திற் பார்க்கும்படி கேட்டுக்கொண்டால் சாத்திரமும் கிளினிக்கும் ஒரே நாளில் வந்து நிற்கும். ஆண் பிள்ளை வைத்திருப்போருக்குத்தான் சிறு சிக்கல்: ஆறாம் மாதம் முந்திவிடும், எட்டாம் மாதம் பிந்திவிடும். அவர்கள் 180 நாள் நிறைந்ததும் வீட்டில் உணவைத் தொடங்கிவிட்டு, கோயிற் சடங்கை எட்டாம் மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். சடங்குக்காக உணவைப் பிந்தவிடுவது மட்டும் கூடாது. ஏனெனில் பிறக்கும்போது உடலிற் சேமித்திருந்த இரும்புச்சத்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் முடிந்துவிடுகிறது, தாய்ப்பாலிலோ இரும்பு மிகக் குறைவு.

கேள்வி: என் பேரனுக்கு எட்டு மாதம். மகள் வேலைக்குப் போவதால் பகலில் நான்தான் பார்க்கிறேன். சோற்றை நன்றாகக் கரைத்து, பிளெண்டரில் அடித்து, வடித்து, சூப்பிப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கிறேன். வயிறு நிறையக் குடிக்கிறான். ஆனாலும் இரண்டு மாதமாக நிறை கூடவில்லை. என்ன குறை?
— ஊர்காவற்றுறை

பதில்: அம்மா, உங்கள் பராமரிப்பிற் குறையில்லை, கஞ்சியில் தண்ணீர்தான் கூடிவிட்டது. வந்த கடிதங்களில் நாளையும் மாதத்தையும் பற்றிக் கேட்டவர்களே அதிகம், உணவின் தடிப்பைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். என் கணிப்பில் நம் பிள்ளைகள் மெலிவதற்கு நாள் பிழைப்பதைவிடக் கஞ்சி நீர்ப்பதே பெரிய காரணம். ஏழு கிலோ நிறையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர்தான் கொள்ளும். சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கிலோகலோரி உண்டு. அதனோடு 300 கிராம் தண்ணீரைச் சேர்த்துக் கரைத்தால், அந்த 200 மில்லிலீற்றருக்குள் போவது 65 கிலோகலோரி மட்டுமே. வடித்தால் அதிலும் குறையும். தாய்ப்பால் குடிக்கும் ஆறு முதல் எட்டு மாதப் பிள்ளைக்கு மேலதிக உணவிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதப் பிள்ளைக்கு 300 கிலோகலோரியும் கிடைக்க வேண்டும். வயிறு நிரம்புகிறது, உடம்புக்குப் போதவில்லை என்பது இதுதான்.

ஆகவே முதலிற் போத்தலை நிறுத்திவிட்டுக் கரண்டியையோ கையையோ பயன்படுத்துங்கள். கரண்டியைச் சரித்தாலும் உணவு வழிந்து விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும் பதமே சரியான பதம். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு மைசூர்ப் பருப்பு அல்லது கோது நீக்கிய பயறு, ஒரு துண்டு பூசணி அல்லது கரட், சிறிது முருங்கையிலை ஆகியவற்றைக் குழைய அவித்து, அகப்பைக் காம்பாலோ முள்ளுக்கரண்டியாலோ மசியுங்கள். அரிசி எதுவாயினும் சரி. மொட்டைக்கறுப்பன் வீட்டிலிருந்தால் அதைக் கூடுதல் நேரம் அவிக்க வேண்டும், அவ்வளவுதான். இறக்கும்போது ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயோ நெய்யோ விட்டால் அதிலிருந்து மட்டும் 40 கிலோகலோரி வரை சேரும். தேங்காயின் முதற்பாலும் நல்லது. எட்டு மாதத்தில் பிளெண்டர் தேவையே இல்லை. இந்த வயதிற் கட்டிகட்டியான உணவைப் பழகாத பிள்ளை பின்னர் அதைத் துப்பப் பழகிவிடும்.

தொடக்கத்தில் வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். அதிலிருந்து 250 மில்லிலீற்றர் கோப்பையில் அரைவாசி வரை படிப்படியாகக் கூட்டலாம். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பதாம் மாதம் நிறைந்தபின் மூன்று நான்கு வேளையும், அதற்கிடையில் ஒரு பழமும் கொடுக்கலாம். மகள் வேலைக்குப் போகுமுன்பும் வந்த பின்பும் இரவிலும் தாய்ப்பாலைத் தொடரட்டும். ஒரு வயது வரை பிள்ளையின் சக்தித் தேவையில் அரைவாசியளவை அதுதான் தருகிறது. இரண்டு மாதமாக நிறைக்கோடு ஏறாமல் நிற்பதால், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். தேவை என்று கண்டால் திரிபோஷா என்னும் சத்துமாவுக்கும் அவரே வழிசெய்வார். அதையும் தண்ணீராய்க் கரைக்கவேண்டாம்.

கேள்வி: மீனும் முட்டையும் ஒரு வயதுக்கு முன் கொடுத்தாற் கிரந்தி வரும் என்கிறார்கள். கச்சானும் அப்படித்தானா?
— பருத்தித்துறை

பதில்: இல்லை. முன்னர் வைத்தியர்களே அவ்வாறு சொன்ன காலம் ஒன்று இருந்தது. இப்போது நிலை மாறிவிட்டது. ஒவ்வாமை வரும் வாய்ப்புக் கூடிய குழந்தைகளிடையே இலண்டனில் நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வொன்று, நான்கு முதல் பதினொரு மாதத்துக்குள் கச்சானை உண்ணத் தொடங்கியவர்களுக்கு, அதைத் தவிர்த்தவர்களைவிடக் கச்சான் ஒவ்வாமை மிகக் குறைவாகவே வந்ததைக் காட்டியது. ஆகவே ஏழாம் மாதத்திலேயே, சோறும் பருப்பும் பழகிய சில நாட்களுக்குள், மீனையும் முட்டையையும் தொடங்கலாம். கடுமையான தோல் அழற்சி உள்ள பிள்ளைக்கு மட்டும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். புதிய உணவை ஒவ்வொன்றாக, பகல் வேளையில், ஒரு கரண்டி நுனியளவில் தொடங்கி, இரண்டு மூன்று நாள் பாருங்கள். உதடோ முகமோ வீங்கினால், தொடர்ந்து வாந்தியெடுத்தால், மூச்சு இழுத்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வாயைச் சுற்றிச் சிறிது சிவந்தால் நிறுத்திவிட்டுக் கிளினிக்கிற் கேட்டால் போதும்.

முட்டையை மஞ்சட்கருவும் வெள்ளைக்கருவும் இறுகும் வரை அவித்து மசியுங்கள். கச்சானை மாவாக அரைத்துக் கஞ்சியிற் கலக்க வேண்டும். முழுக் கச்சானை ஐந்து வயது வரை கையிற் கொடுக்கக் கூடாது. மீனுக்குப் பருத்தித்துறையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? விளைமீன், பாரை, அறக்குளா போன்று சதைப்பிடிப்பும் பெரிய முள்ளும் உள்ளவற்றை, உப்பும் தூளும் இன்றி அவித்து, கண்ணால் அல்ல, விரலால் தடவி முள்ளெடுங்கள். பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறா வறை கொடுப்பது நம்மிடம் மரபு என்றாலும், பெரிய சுறாக்களிற் பாதரசம் சேர்வதால் குழந்தைக்கு அது வேண்டாம்.

கேள்வி: தேன், சீனி, உப்பு?
— சாவகச்சேரி

பதில்: ஒரு வயதுக்கு முன் மூன்றும் வேண்டாம். உப்பும் சீனியும் பழக்கத்தைக் கெடுக்கின்றன. தேனோ, அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகளால், குழந்தையின் தசைகளை முடக்கும் ஆபத்தான நோயைத் தரவல்லது. நாக்கில் தொட்டு வைக்கும் சடங்குக்கும் இது பொருந்தும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். முட்டையும் சேர்ப்பதில்லை. பிள்ளைக்கு இரும்புச்சத்துக்கு என்ன வழி?
— இணுவில்

பதில்: வழியுண்டு, ஆனால் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். பருப்பு, பயறு, கௌபி, குரக்கன், கீரை ஆகியவற்றிலுள்ள இரும்பு, மீனிலும் இறைச்சியிலும் உள்ளதைப்போல எளிதில் உடலிற் சேர்வதில்லை. உயிர்ச்சத்து சி கூடவே இருந்தால் அது நன்றாகச் சேரும். ஆகவே பருப்புச் சோற்றை இறக்கியபின் சில துளி தேசிக்காய்ப் புளி விடுங்கள், அல்லது சாப்பாட்டோடு பப்பாப்பழமோ கொய்யாப்பழமோ மசித்துக் கொடுங்கள். பயறையும் குரக்கனையும் ஊறவைத்து முளைகட்டி வறுத்து அரைத்தால் சத்து இன்னும் எளிதாய்ச் சேரும். தேத்தண்ணி ஒரு மிடறும் வேண்டாம். அது இரும்பைத் தடுத்துவிடும். உயிர்ச்சத்து பி12 தாவர உணவிற் கிடைப்பதில்லை என்பதால் வீட்டுத் தயிரைச் சேருங்கள். ஆனால் பசுப்பாலை ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலுக்குப் பதிலாக்கக் கூடாது. இத்தனை செய்தும் சைவ உணவு மட்டுமே இந்த வயதின் இரும்புத் தேவையை முழுமையாய் நிறைவேற்றும் என்று என்னால் உறுதி சொல்ல இயலாது. கிளினிக்கில் நுண்போசணைத் தூளோ இரும்புத் துளிமருந்தோ தந்தால் அலட்சியமாய் அலுமாரியில் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?
— உரும்பிராய்

பதில்: கிருமிக்குக் கொதிக்கவைப்பது போதும், நைத்திரேற்றுக்குப் போதாது. வலிகாமத்துச் சுண்ணக்கற் தரையில், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் பசளை மழையோடு இறங்கி நிலத்தடி நீரிற் கலப்பதால், தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார நிறுவன எல்லையைத் தாண்டியிருப்பது பலமுறை அறியப்பட்ட விடயம். கொதிக்கும்போது நீர் ஆவியாகி நைத்திரேற்றின் செறிவு கூடவே செய்கிறது. சிறு குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்து உடலை நீலம்பாரிக்கச் செய்யும். முதல் ஆறு மாதத்தில், மாப்பால் கரைத்துக் கொடுக்கப்படும் குழந்தைகளுக்கே ஆபத்து மிக அதிகம். ஆறு மாதம் வரை தண்ணீரே வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிணறு தோட்டத்தை ஒட்டியதாயின், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நீர்ப் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். முடிவு வரும் வரை குழந்தையின் சமையலுக்கும் குடிநீருக்கும் பரிசோதிக்கப்பட்ட வேறு நீரைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒன்பது மாதமாகியும் பல் வரவில்லை. தடித்த உணவு கொடுத்தால் ஓங்காளிக்கிறான். பல் முளைத்துப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் வரை பொறுக்கலாமா?
— காரைநகர்

பதில்: பொறுக்க வேண்டாம். மசித்த சோற்றை அரைக்கப் பல் தேவையில்லை, முரசே போதும். ஓங்காளிப்பது பழகும் பிள்ளை தன் தொண்டையைத் தானே காத்துக்கொள்ளும் இயல்பு; முகம் சிவக்கும், சத்தம் வரும், பிறகு தெளிந்துவிடும். அஞ்ச வேண்டியது சத்தமில்லாத திணறலுக்கே. கொழுக்கட்டை கொட்டும் நாளிலும் அதிற் பதித்த தேங்காய்ச் சொட்டுகளைப் பிள்ளையின் கைக்கு எட்டவிடாதீர்கள். முழு முந்திரிகைப்பழம், கச்சான், கல்வியங்காட்டுச் சந்தையில் வாங்கிய பச்சைக் கரட் துண்டு ஆகியனவும் அப்படித்தான். எப்போதும் நிமிர்த்தி இருத்தித்தான் தீத்த வேண்டும். படுக்கவைத்தும் ஓடவிட்டும் அன்று.

ஒருகால் அடைத்து, அழவும் இருமவும் இயலாது போனால், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாமல், பிள்ளையை முன்கையிற் குப்புறக் கிடத்தித் தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். வெளிவராவிட்டால் மல்லாத்தி, மார்பு நடுவில் இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்துங்கள். இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்யும்போதே மற்றொருவர் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கட்டும்.