தவிட்டுக் கஞ்சி குடித்தால் குளிசையை விடலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது. சாவகச்சேரியில் இருக்கிறேன். சில வருடங்களாகச் சலரோகம். மெட்போமின் 500 மில்லிகிராம் காலையும் இரவும் எடுக்கிறேன். போன கிளினிக்கில் வெறும் வயிற்றில் சீனி 152 காட்டியது. அரிசித் தவிட்டில் உள்ள சில பொருட்கள் சீனியைக் குறைக்கும் என்று கனடாவில் இருக்கும் மகள் செய்தி அனுப்பியிருக்கிறாள். மில்லில் தவிடு வாங்கிக் கஞ்சியில் போட்டுக் குடித்து, குளிசையை நிறுத்தலாமா?

பதில்: குளிசையை நிறுத்தாதீர்கள் அம்மா. 152 என்பது குளிசை எடுத்தும் வந்த அளவு. பொதுவாக 80க்கும் 130க்கும் இடையில் இருக்க வேண்டும். அடுத்த கிளினிக்கில் மருந்தின் அளவைப் பற்றிக் கேளுங்கள். கூட்ட வேண்டியும் வரலாம்.

மகள் அனுப்பியது பொய்யில்லை. தவிட்டில் பெருலிக் அமிலம், காமா ஒரைசனால் என்று சில பொருட்கள் உண்டு. சிவப்பரிசியின் தோலுக்கு நிறம் கொடுக்கும் புரோஅந்தோசயனிடினும் இந்த வகைதான். மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியங்களை இவை மந்தப்படுத்துவது ஆய்வுகூடத்தில் தெரிகிறது. அகார்போஸ் என்ற குளிசை செய்வதும் இதே வேலைதான். ஆனால் சோதனைக்குழாய் வேறு, குடல் வேறு. பெருலிக் அமிலத்தில் பெரும்பகுதி தவிட்டின் நாரோடு இறுக ஒட்டியிருக்கிறது. பெருங்குடலில் பற்றீரியாக்கள் பிரித்தெடுத்தால்தான் அது வெளியே வரும். சோறு செரிப்பதோ அதற்கு முன்பே, சிறுகுடலில். மனிதர்களிடம் செய்த சிறிய ஆய்வுகளில் தவிடு சீனியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. அதில் நாரின் பங்கு எவ்வளவு, இந்தப் பொருட்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். (மூலிகை என்றால் நல்லது, குளிசை என்றால் கெட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: மெட்போமினின் பூர்வீகமும் ஐரோப்பாவில் வளரும் ஒரு செடிதான்.)

மில் தவிடு வேண்டவே வேண்டாம். அது மாட்டுக்கும் கோழிக்கும் போகிற சாமான். உமி, மண், பூச்சி எல்லாம் அதில் இருக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால், அரிசி தீட்டிய கொஞ்ச நாளிலேயே சிக்கு மணம் வந்துவிடும். நெல் நிலத்திலிருந்து இழுக்கும் ஆர்சனிக்கும் தவிட்டில்தான் கூடுதலாகச் சேரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தவிட்டில் உள்ள பொசுபரசும் ஆகாது.

தவிடு வேண்டுமென்றால் அரிசியோடு சேர்த்தே சாப்பிடுங்கள். மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசியை அதிகம் தீட்டாமல் வாங்குங்கள், புழுங்கலாக இருந்தால் இன்னும் நல்லது. அதற்காகச் சிவப்பரிசிச் சோறு என்று கோப்பை நிறையப் போடக்கூடாது, அதிலும் மாப்பொருள்தான் கூட. சோற்றைக் குறைத்து, கீரையையும் மீனையும் கூட்டுங்கள். கஞ்சி உங்களுக்குச் சரிவராது. குழையக் காய்ச்சிய அரிசி சீக்கிரமாகச் சீனியாக மாறிவிடும், ஒரு கரண்டி தவிடு அதைத் தடுக்காது. குரக்கனும் அப்படித்தான், தோலில் நல்ல பொருட்கள் இருந்தாலும் நைசாக அரைத்து அரித்துக் கூழாக்கினால் சீனி ஏறும்.

அப்புறம், வீட்டில் சீனி பார்க்கும் மெஷின் இருந்தால் ஒருநாள் வெள்ளைப் பச்சையரிசிச் சோறும், இன்னொரு நாள் அதே அளவு சிவப்பரிசிச் சோறும், அதே கறிகளோடு சாப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். இரண்டு அளவையும் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.