"நீ கெட்டிக்காரி"ன்னு சொன்னா ஏன் ஏற மாட்டேங்குது?

வணக்கம் அக்கா, யுனிவர்சிட்டில பாடம் நடத்துறேன், சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. முதல் வருஷப் பொண்ணு ஒருத்தி, நல்ல மார்க் வாங்குறவ, "எனக்கு சீட் ஏதோ தப்புல கிடைச்சிருச்சு சார், ஒருநாள் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்"னு அழுதா. நீ கெட்டிக்காரிம்மான்னு எத்தன தடவ சொல்லியும் பிரயோஜனம் இல்ல. நான் என்ன பண்ணணும்?

ஒரு வாசகர்

தம்பி,

அவ உங்ககிட்ட வாய்விட்டு சொன்னதே பெரிய விஷயம், இந்த பயம் பொதுவா ஆள பேசவே விடாது. 1978ல பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் இதப்பத்தி எழுதினாங்க, அவங்க பார்த்த 150க்கும் மேல பெண்கள் எல்லாருமே நல்லா சாதிச்சவங்கதான், அதுலயும் அட்மிஷன் கமிட்டி தப்பு பண்ணித்தான் நம்மள எடுத்துருச்சுன்னு நம்பின ஸ்டூடண்ட்ஸ் இருந்தாங்க. உங்க பொண்ணு சொன்ன அதே வார்த்தைதான்.

பாராட்டு ஏன் ஏறலன்னா, பயத்துல ராத்திரி பகலா படிச்சு மார்க் வாங்கினா "மாடு மாதிரி உழைச்சேன், மூளை இருந்தா இவ்ளோ உழைக்கணுமா"ன்னு தோணும், படிக்காம வாங்கினா அது அதிர்ஷ்டம், ஆக எப்படி வாங்கினாலும் அது அவ கணக்குல சேராது. அதுக்கு மேல நீங்க வேற கெட்டிக்காரின்னு சொல்லும்போது, ஐயோ சாரையும் ஏமாத்திட்டோமேன்னு பாரம் இன்னும் கூடும்.

அதனால பொத்தாம்பொதுவா புகழாதீங்க. அவ எழுதின பேப்பர பக்கத்துல வச்சு, இந்த இடத்துல நீ இப்படி யோசிச்சிருக்க, இது சரி, இந்த இடம் இன்னும் தேறணும்னு காட்டுங்க. குறையையும் சொல்றவர் பாராட்டினாத்தான் மனசு நம்பும்.

அப்புறம் சீனியர்ஸ பேச வைங்க. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் ரெண்டு பேரும் 2011ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அமெரிக்காவுல. முதல் வருஷப் பசங்களுக்கு ஒரு மணி நேரம்தான், சீனியர்ஸ் "நாங்களும் வந்த புதுசுல இது நமக்கான இடம் இல்லன்னு நினைச்சோம், போகப்போக சரியாச்சு"ன்னு சொன்னத படிக்கக் கொடுத்தாங்க, படிச்சவங்களையே அடுத்து வர்ற பசங்களுக்காக அதப் பேசச் சொல்லி வீடியோ எடுத்தாங்க. அதுல கலந்துகிட்ட கறுப்பின மாணவர்களோட மார்க் அடுத்த மூணு வருஷமும் கூடுச்சு. அவங்கள உதவி வாங்கிக்கிறவங்களா இல்லாம உதவி பண்றவங்களா உக்காரவச்சதுதான் இதுல எனக்குப் பிடிச்ச விஷயம்.

நான் எம்.ஏ. படிக்கும்போது செமினார்ல புரியாத வார்த்தைய எல்லாம் நோட்டு ஓரத்துல எழுதிட்டு வந்து ராத்திரி தேடுவேன், எனக்கு மட்டும்தான் புரியலன்னு நினைப்பு. பல வருஷம் கழிச்சு பக்கத்து சீட்காரி, தானும் அதத்தான் பண்ணினேன்னு சொன்னா. ரெண்டு வருஷம் பக்கத்து பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரும் தனித்தனியா பயந்திருக்கோம், நினைச்சா இப்பவும் மனசு வலிக்குது.

ஒண்ணு மட்டும் கவனிங்க, அவ வீட்ல காலேஜ் படிக்க வந்த முதல் ஆளா, கேள்வி கேட்டா கிளாஸ்ல யாராவது சிரிக்கிறாங்களா? அப்படின்னா பிரச்சன அவ மனசுல மட்டும் இல்ல, உங்க கிளாஸ்லயும் இருக்கு, அத நீங்கதான் சரி பண்ணணும். தூக்கம், சாப்பாடு கெட்டுப் போயிருந்தா கவுன்சிலர்கிட்ட நீங்களே கூட்டிட்டுப் போங்க. நீங்க சேர்ந்த புதுசுல கிளாஸ்ல நிக்க பயந்திருந்தா அதையும் அவகிட்ட சொல்லுங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க.