ஒரே நாட்டில் மாகாணத்துக்கு மாகாணம் கொள்கை மாறுவதால் என்ன பயன்?

நாடு முழுக்க ஒரே விதி இருந்தால் நல்லதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவின் பொது மருத்துவக் காப்பீட்டைப் பாருங்கள்.

அங்கே மருத்துவமனைகள் அரசியல் சட்டப்படி மாகாணங்களின் பொறுப்பு. அதனால்தான் கோதுமை விளையும் சஸ்காட்சுவான், மக்கள்தொகை குறைந்த மாகாணமாக இருந்தும், 1947-லேயே எல்லோருக்கும் மருத்துவமனைக் காப்பீடு கொண்டுவந்தது. அப்போது முதல்வர் டாமி டக்ளஸ். 1962 ஜூலையில் டாக்டர் கட்டணத்தையும் அரசே ஏற்க முன்வந்தபோது, மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திட்டம் தாக்குப்பிடித்தது. நடக்காது என்றவர்களுக்கு அதுவே பதில். 1966-ல் மத்திய அரசு, இப்படிச் செய்யும் மாகாணங்களுக்குச் செலவில் ஏறக்குறையப் பாதியைத் தரச் சட்டம் போட்டது. 1971-க்குள் பத்து மாகாணங்களும் சேர்ந்துவிட்டன.

சரி, பாதகமே இல்லையா? இருக்கிறது. மருந்துச் செலவுக்கு கியூபெக் 1997-ல் எல்லோருக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. மற்ற மாகாணங்களில் வேறு வேறு ஏற்பாடு. ஒரே நோய்க்கு, குடியிருக்கும் இடத்தைப் பொறுத்துக் கைக்காசு மாறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் 1962-ல் முடிவு தலைநகர் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசின் கையில் மட்டும் இருந்திருந்தால், அந்தக் காப்பீடு அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.