ஊர் கபடி, டென்னிஸ் பால் கிரிக்கெட் மேட்ச் வீடியோ எடுக்க 30,000 ரூபாய்க்குள்ள எந்த கேமரா வாங்கலாம்?

உங்க டீம் பசங்க கபடியும் ஆடுறாங்க, டென்னிஸ் பால் கிரிக்கெட்டும் ஆடுறாங்க, ரெண்டையும் எடுத்து யூடியூப்ல போடணும், கையில 30,000 இருக்கு, எந்த மாடல் வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. மாடல் பேரு அப்புறம் சொல்றேன். ஏன்னா நீங்க கேட்ட இந்த ரெண்டு ஆட்டமும் கேமரா விஷயத்துல ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். கபடிக்கு ஜூமே வேண்டாம், வெளிச்சம் வாங்குற கேமரா வேணும். கிரிக்கெட்டுக்கு வெளிச்சம் பிரச்சினையே இல்ல, பகல்லதான் ஆடுறீங்க, ஆனா நல்ல ஜூம் இல்லாம ஒண்ணுமே பண்ண முடியாது. இதை யோசிக்காம கடைக்குப் போனா அவன் மெகாபிக்சல் கணக்கு சொல்லி எதையாவது தலையில கட்டிடுவான்.

முதல்ல கபடி. ஆம்பளைங்க கோர்ட் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோடு நீளத்தை ரெண்டா பிரிக்குது இல்லையா, அந்த நடுக்கோட்டுக்கு நேரா, சைடு பக்கம் கேமரா வைக்கணும். அப்போ இடது பக்கம் ஒரு டீம், வலது பக்கம் ஒரு டீம், ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல வரும். சாதாரண செல்போனோட மெயின் கேமரா 24, 26 எம்எம் கணக்குல வரும் (இந்த நம்பர் சின்னதா இருந்தா அகலமா தெரியும், பெருசா இருந்தா தூரத்துல இருக்கறது கிட்ட தெரியும்), அதை வச்சு முழு கோர்ட்டும் ஓரம் வெட்டுப்படாம வரணும்னா பக்கத்து கோட்டுல இருந்து ஒரு 10, 11 மீட்டர் தள்ளி வச்சா போதும். அவ்ளோதான். 50 எக்ஸ் ஜூம்னு அட்டையில போட்டிருக்குற கேம்கோடரை வாங்கிட்டு வந்து அந்த ஜூமை ஒரு தடவை கூட தொடாம எடுக்குறவங்களை நான் நிறைய பாத்திருக்கேன்.

நிறைய பேர் எண்டு லைனுக்குப் பின்னாடி போய் வைக்கிறாங்க, டீம் பேரு எழுதுன பேனர் நேரா தெரியுதேன்னு. அங்க வச்சா ரைடருக்கு போனஸ் பாயிண்ட் உண்டா இல்லையான்னு வர்ற சண்டைக்கு அந்த வீடியோ எதுக்கும் உதவாது. ரைடர் தாண்டியாக வேண்டிய பாக் லைன் நடுக்கோட்டுல இருந்து 3.75 மீட்டர், அதுக்கு அடுத்து 1 மீட்டர்ல போனஸ் லைன். சைடுல நின்னு பாத்தா இந்த கோடு எல்லாம் நம்மள விட்டு நேரா ஓடுற மாதிரி இருக்கும், அதனால ரைடர் கால் கோட்டைத் தாண்டுறது இடம் வலமா தெளிவா தெரியும், இன்னொரு கால் தரையை விட்டு எழும்புச்சா இல்லையான்னு கூட பாத்துடலாம். எண்டு லைன்ல இருந்து பாத்தா அந்த நேரத்துல டிஃபன்ஸ் ஆளுங்க முதுகுதான் தெரியும்.

உயரம் ரொம்ப முக்கியம், சொல்லப்போனா கேமராவை விட முக்கியம். தரையில நின்னு எடுத்தா கிட்ட இருக்குற கார்னர்காரன் மறைச்சுடுவான், அதை விட பெரிய தொல்லை முன் வரிசையில உக்காந்திருக்குற பெரியவர் சூப்பர் டேக்கிள் விழுந்ததும் எந்திரிச்சு துண்டை சுத்துவாரு, அந்த ஒரு ரைடு போச்சு. ஊர்ல வழக்கமா என்ன பண்ணுவாங்க, டிராக்டர் டிரெய்லரை கொண்டாந்து நிறுத்தி அது மேல கேமராமேனை ஏத்தி விடுவாங்க. நல்ல ஐடியாதான், ஆனா பத்தே நிமிஷத்துல அது மேல 20 பசங்க ஏறிடுவானுங்க, ஒவ்வொரு டச்சுக்கும் அவனுங்க குதிக்க, படம் முழுக்க பூகம்பம். அதுக்கு பதிலா கல்யாண வீடியோக்காரங்க லைட் மாட்டுற ஸ்டாண்டு இருக்கு பாருங்க, 9 அடி வரைக்கும் போகும், அதுல மொபைல் ஹோல்டர் ஒண்ணு மாட்டி, கால்ல ரெண்டு மணல் மூட்டையை வச்சுட்டு, புளூடூத் ரிமோட்ல ரெக்கார்டு அமுக்கிட்டா முடிஞ்சுது. போன்ல 4கே இருந்தா அதுல எடுங்க, அப்புறம் எடிட் பண்ணும்போது 1080பி-க்கு பாதி அளவு வெட்டி கிட்ட கொண்டு வந்தாலும் படம் உடையாது, அதாவது 2 எக்ஸ் ஜூம் சும்மாவே கிடைக்குது.

இப்போ நைட்டு மேட்ச். நம்ம பக்கம் கபடின்னாலே நைட்டுதான், ராத்திரி ஆரம்பிச்சு ஃபைனல் முடியும்போது விடிஞ்சிருக்கும். எல்இடி ஃபோகஸ் லைட்டு நாலு மூலைக்கும் போட்டிருப்பாங்க, கண்ணுக்கு பளிச்சுன்னு இருக்கும், வீடியோவுல பாத்தா கருப்பு பட்டை பட்டையா மேல இருந்து கீழ ஓடிட்டே இருக்கும். இது கேமரா கோளாறு இல்ல. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுல எரியுற மட்டமான லைட்டுங்க ஒரு செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கேமரா செகண்டுக்கு 60 ஃப்ரேம், 1/60 ஷட்டர்னு (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் செகண்டுல 60-ல ஒரு பங்கு நேரம் வெளிச்சம் வாங்குறது) ஓடுனா ரெண்டும் ஒத்துப்போகாது. கேமரா மெனுவுல PAL-னு இருக்குற சிஸ்டத்துக்கு மாத்தி 25 இல்ல 50 ஃப்ரேம் வச்சு, ஷட்டரை 1/50 இல்லன்னா 1/100-ல பூட்டிடுங்க. கபடிக்கு 1/100 நல்லது, கை கால் ரொம்ப இழுக்காது. போன்லேயே வர்ற கேமரா ஆப்புல ஷட்டர் பூட்டுற வசதி பெரும்பாலும் இருக்காது, பிளாக்மேஜிக் கேமரான்னு ஒரு ஆப் இருக்கு, இலவசம், ஐபோனுக்கும் சில ஆண்ட்ராய்டு போனுக்கும் வருது, அதுல எல்லாத்தையும் கையால வச்சுக்கலாம். உங்க போனுக்கு அது இல்லன்னா ஓபன் கேமரா ஆப் போட்டு பாருங்க. ஃபோகஸையும் சேர்த்து பூட்டிடுங்க, இல்லன்னா குறுக்க ஒருத்தன் டீ வாங்கிட்டு போனா கேமரா அவனைத் தேடிட்டு போயிடும்.

கேம்கோடர் வாங்கலாமான்னு கேப்பீங்க. சோனி சிஎக்ஸ் 405, பானசோனிக் வி 180 மாதிரி விலை கம்மி கேம்கோடர் எல்லாம் பகல்ல அருமை, மணிக்கணக்கா ஓடும், சூடாகாது, ஜூம் லிவர் வெண்ணெய் மாதிரி நகரும். ஆனா உள்ள சென்சார், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கிற சில்லு, 1/5.8 இன்ச்தான், இன்னைக்கு வர்ற சாதாரண போன் சென்சாரை விட சின்னது. ராத்திரி கபடிக்கு அதை வச்சு எடுத்தா மண் தரையும் புள்ளி, ஆளும் புள்ளி. இன்னொண்ணு, 405-ல வெளி மைக் சொருக ஓட்டையே கிடையாது. கோப்ரோவும் இதே கதைதான், பகல்ல ஓகே, ராத்திரி இருட்டுக்கு சரிப்படாது, கிரிக்கெட்டுக்கு சுத்தமா ஆகாது.

கிரிக்கெட்டுக்கு வருவோம், பணம் செலவு பண்ண வேண்டிய இடம் இதுதான். பவுலர் கைக்கு நேர் பின்னாடி, பவுண்டரிக்கு வெளிய நின்னு எடுக்குறோம்னு வைங்க. பிட்ச் 20 மீட்டர், பவுண்டரி ஒரு 55, 60 மீட்டர், ஆக பேட்ஸ்மேன் நம்மகிட்ட இருந்து 75, 80 மீட்டர் தூரத்துல இருக்கான். போனை வச்சு ஜூம் இல்லாம எடுத்தா ஃப்ரேம்ல 110 மீட்டர் அகலம் வரும், 1080பி-ல குறுக்க 1920 புள்ளி, ஒரு மீட்டருக்கு 17 புள்ளி. டென்னிஸ் பால் ஆறரை சென்டிமீட்டர் சொச்சம். கணக்கு போட்டு பாருங்க, பந்து ஒரே ஒரு புள்ளி! அந்த ஒரு புள்ளியையும் யூடியூப் கம்ப்ரஸ் பண்ணி தின்னுடும். இதான் நிறைய ஊர் மேட்ச் வீடியோவுல பேட்டை சுத்துறது தெரியும், பந்து எங்க போச்சுன்னு ஆண்டவனுக்குதான் வெளிச்சம்.

அதே இடத்துல 340, 350 எம்எம் கணக்குல ஜூம் பண்ணா ஃப்ரேம் 8 மீட்டருக்கு சுருங்கும், பந்து 16 புள்ளி அகலத்துக்கு வந்துடும், நல்லா தெரியும். ஆக உங்களுக்கு வேண்டியது 300-ல இருந்து 400 எம்எம் கணக்குக்கு ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே பண்ற ஜூம். போன்ல 30 எக்ஸ், 100 எக்ஸ்னு போடுறது எல்லாம் பெரும்பாலும் டிஜிட்டல், படத்தை வெட்டி பெருசு பண்றது, அதை நம்பாதீங்க.

இதுக்கு முப்பதாயிரத்துக்குள்ள செகண்ட் ஹேண்டுல தேடிப் பாக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பிரிட்ஜ் கேமரா, லென்ஸ் கழட்ட முடியாத வகை. பானசோனிக் லூமிக்ஸ் எஃப்இசட் 300 கிடைச்சா விடாதீங்க, 25-ல இருந்து 600 எம்எம் வரைக்கும் போகும், முழு ஜூம்லயும் எஃப் 2.8 அப்படியே நிக்கும் (ஜூம் பண்ணாலும் லென்ஸ் வெளிச்சத்தை குறைக்காது), மைக் சொருகலாம், தூசிக்கும் கொஞ்சம் தாங்கும். 2015-ல வந்த மாடல், பழசுதான், பகல் கிரிக்கெட்டுக்கு இன்னைக்கும் போதும். ராத்திரிக்கு அதுவும் சுமார்தான், சென்சார் சின்னது.

ரெண்டாவது வழி கேனன் 200டி மாதிரி டிஎஸ்எல்ஆர், லென்ஸ் கழட்டி மாத்துற வகை, கூட 18-55, 55-250 ரெண்டு லென்ஸ். கல்யாண போட்டோகிராஃபர்ங்க எல்லாம் மிரர்லெஸ்னு புது வகை கேமராவுக்கு மாறிட்டாங்க, அதனால இந்த செட்டு நிறைய விலைக்கு வருது. 55-250 லென்ஸை இந்த பாடியில போட்டா 400 எம்எம் கணக்குக்கு வந்துடும், கிரிக்கெட்டுக்கு கச்சிதம். 18-55 போட்டா கபடி, நடுக்கோட்டு நேர்ல கொஞ்சம் தள்ளி வைக்கணும் அவ்ளோதான், பெரிய சென்சார்ங்கறதால ராத்திரியும் சமாளிக்கும். ரெண்டு ஆட்டமும் எடுக்கணும்னா என் ஓட்டு இதுக்குதான். 4கே இல்லையேன்னு யோசிக்காதீங்க, நல்ல லென்ஸ்ல எடுத்த 1080பி போதும்.

ஒரே தொல்லை, இந்த மாதிரி கேமராங்க பெரும்பாலும் 29 நிமிஷம் 59 செகண்ட் ஆனதும் ரெக்கார்டிங்கை நிறுத்திடும். ஐரோப்பாவுல 30 நிமிஷத்துக்கு மேல ரெக்கார்டு பண்ணா அது வீடியோ கேமரான்னு சொல்லி தனி வரி போட்டாங்க, அதுக்கு பயந்து கம்பெனிங்க வச்ச பூட்டு இது, நம்ம தலையிலயும் விடிஞ்சுது. கபடிக்கு கவலை இல்ல, ஒரு பாதி 20 நிமிஷம், டைம் அவுட் எல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலும் அடங்கிடும், இடைவேளையில நிறுத்தி போட்டுக்கலாம். கிரிக்கெட்டுக்கு ரெண்டு ஓவருக்கு ஒரு தடவை, ஃபீல்டிங் மாறும்போது நிறுத்தி திரும்ப அமுக்குற பழக்கம் வச்சுக்கோங்க.

பழசு வாங்க போகும்போது லென்ஸுக்குள்ள போன் டார்ச்சை சாய்ச்சு அடிச்சு பாருங்க, ஃபங்கஸ் இருந்தா வெள்ளையா நூல் நூலா படர்ந்திருக்கும், கடலோர ஊர்ல இருந்து வர்ற லென்ஸ்ல இது ஜாஸ்தி. அங்கேயே உக்காந்து 20 நிமிஷம் விடாம வீடியோ ஓட விடுங்க, மைக் சொருகுற இடத்துல உங்க மைக்கை சொருகி கேட்டு பாருங்க. ஷட்டர் கவுண்ட் எவ்ளோன்னு எல்லாரும் கேப்பாங்க, நமக்கு அது பெரிய விஷயமே இல்ல, வீடியோவுக்கு அந்த ஷட்டர் டிக் டிக்குன்னு அடிச்சுட்டே இருக்காது.

ட்ரைபாட்ல கஞ்சத்தனம் வேண்டாம். 350 எம்எம்-ல ஜூம் பண்ணி வச்சிருக்கும்போது லேசா காத்தடிச்சாலே பேட்ஸ்மேன் ஆடுவான். பந்து அடிச்ச பக்கம் திருப்பும்போது ஆயிரம் ரூபா ட்ரைபாட் முதல்ல ஒட்டிக்கும், அப்புறம் வெடுக்குனு ஓடும், அதுக்குள்ள பந்து ஃபோர் போயிருக்கும். ஃப்ளூயிட் ஹெட் (ஒட்டாம வழுவழுன்னு திரும்புற தலை) போட்டதா, நீளமான கைப்பிடி இருக்குறதா பாருங்க, கேமராவுல 5,000 குறைச்சாவது இதை வாங்கணும். நடுவுல கொக்கி இருந்தா தண்ணி கேனை தொங்க விட்டுடுங்க, ஆடாது.

மெமரி கார்டு, வீடியோவுக்கு வேகம் பத்தும்னு காட்டுற வி30 இல்லன்னா யு3 குறி போட்டதா 64 ஜிபி ரெண்டு. 1080பி 50 ஃப்ரேம் 28 எம்பிபிஎஸ்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 12, 13 ஜிபி ஆகும், 64 ஜிபி அஞ்சு மணி நேரம் தாங்கும். பாதி விலைக்கு விக்கிற கார்டுல 64-னு அச்சடிச்சிருக்கும், உள்ள 8 ஜிபிதான் இருக்கும், நிரம்புனதும் ஃபைனல் ஃபைல் திறக்காது. வாங்குன அன்னைக்கே கம்ப்யூட்டர்ல ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), போலி கார்டைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர், போட்டு செக் பண்ணிடுங்க.

சத்தத்தைப் பத்தி யாரும் கேக்குறதே இல்ல. கமெண்ட்ரி இல்லாத கபடி வீடியோவை ஊர்க்காரன் கூட முழுசா பாக்க மாட்டான், ஆனா குழாய் ஸ்பீக்கர் பக்கத்துல கேமரா இருந்தா எல்லாம் கரகரன்னு வரும். மைக் செட் அண்ணன்கிட்ட முன்கூட்டியே பேசி, மிக்சர்ல இருந்து ஒரு வயர் வாங்கி கேமராவுல குடுங்க, கேமரா மெனுவுல ஆடியோ லெவலை நல்லா குறைச்சுட்டு டெஸ்ட் பண்ணுங்க. வயர் இழுக்க முடியலைன்னா இன்னொரு போனை கமெண்ட்ரி சொல்றவர் டேபிள்ல வாய்ஸ் ரெக்கார்டர் ஓட விட்டு வச்சுட்டு எடிட்ல சேர்த்துக்கலாம். அப்புறம் அந்த அண்ணன் ரைடுக்கும் ரைடுக்கும் நடுவுல சினிமா பாட்டு போடுவாரு, பசங்க என்ட்ரிக்கு கட்டாயம் மாஸ் பாட்டு ஒண்ணு இருக்கும், யூடியூப் அதை கண்டுபிடிச்சு காப்பிரைட் க்ளெய்ம் போட்டுடும், வர்ற காசு பாட்டு கம்பெனிக்கு போயிடும். பாட்டு இல்லாத கமெண்ட்ரி ட்ராக் தனியா இருந்தா இதுல இருந்தும் தப்பிக்கலாம்.

லைவ் போடுற ஆசை இருந்தா இப்போதைக்கு தள்ளி வைங்க. புது சேனல்ல லைவை ஆன் பண்ணா வேலை செய்ய 24 மணி நேரம் வரைக்கும் ஆகலாம், அது கூட பரவாயில்ல, ஃபைனல் நேரத்துல கிரவுண்டுல நிக்கிற அத்தனை பேரும் ஸ்டேட்டஸ் போடும்போது டவர் மூச்சு விட முடியாம திணறும், உங்க லைவ் அங்கேயே சுத்திட்டு நிக்கும். போன்ல எடுத்தா ஏரோபிளேன் மோடுல போட்டு எடுங்க, இல்லன்னா செமி பைனல் கடைசி ரைடுல உங்க மாமா போன் பண்ணுவாரு. பகல் வெயில்ல போன் சூடாகி தானா நின்னுடும், குடை ஒண்ணு கட்டி விடுங்க.

பட்ஜெட்டை நான் பிரிக்கிறதா இருந்தா பாதிக்கு கொஞ்சம் மேல கேமராவுக்கும் லென்ஸுக்கும், மீதி ட்ரைபாட், மைக், கார்டு, ஒரு எக்ஸ்ட்ரா பேட்டரிக்கு. கபடி மட்டும்தான்னு முடிவு பண்ணீங்கன்னா கேமராவே வாங்காதீங்க, டீம்ல யார்கிட்ட நல்ல போன் இருக்கோ அதுக்கு ஸ்டாண்டும் மைக்கும் பவர் பேங்கும் வாங்குனா போதும், மிச்சப் பணத்துக்கு பசங்களுக்கு ஜெர்சி எடுத்துக் குடுங்க. கிரிக்கெட்டும் வேணும்னா வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஊர் வீடியோ கடையில அந்த 55-250 லென்ஸோட ஒரு பாடியை ஒரு ஞாயித்துக்கிழமைக்கு வாடகைக்கு எடுங்க, சைட் ஸ்கிரீன் பக்கத்துல நின்னு நாலு ஓவர் எடுத்துட்டு வந்து வீட்டு டிவியில போட்டு பாருங்க, பேட்டுல பட்ட பந்து எந்தப் பக்கம் போகுதுன்னு சோஃபாவுல இருந்து தெரிஞ்சா வாங்கிடலாம்.