மெஷின் பாத்திரத்தைக் கழுவும், ஃபில்டரை யார் கழுவுவது?

இந்த முறை வந்த கேள்விகள் வேறுவேறு மாதிரி இருந்தாலும் பெரும்பாலானவை டிஷ்வாஷரின் அடித்தரையில்தான் போய் முடிகின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

சார், மெஷின் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. உள்ளே ஃபில்டர் என்று ஒன்று இருப்பதே போன வாரம் பக்கத்து ஃபிளாட் அக்கா சொல்லித்தான் தெரியும். நானே கழற்றலாமா, சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டுமா? (பெரும்பாக்கம்)

தாராளமாக நீங்களே கழற்றலாம். ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவையில்லை. ஆனால் மெஷின் ஓடி முடித்த சூட்டோடு கையை விடாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும். சுவிட்சை அணைத்துவிட்டு, கீழ் ரேக்கை முழுவதுமாக வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். தரையில், சுழலும் ஸ்ப்ரே ஆர்முக்குப் பக்கத்தில், ஒரு டம்ளர் பருமனுக்குச் சல்லடை போட்ட உருளை தெரியும். அதன் தலையைப் பிடித்து, கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் கொஞ்சம் திருப்பினால் பூட்டு விட்டுவிடும். நேராக மேலே தூக்குங்கள். அதன் பிறகு, அது உட்கார்ந்திருந்த தட்டையான சல்லடையும் கையோடு வந்துவிடும். பல மாடல்களில் உருளையே இரண்டாகப் பிரியும். உள்ளே இருப்பது பெரிய கண், வெளியே இருப்பது பொடிக் கண்.

எடுத்ததும் சிங்குக்கு ஓடிவிடாதீர்கள். உருளை இருந்த குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். எலுமிச்சை விதை, மீன் முள், ஜாம் பாட்டிலின் லேபிள், பல் குத்தும் குச்சி என்று எல்லாம் வந்து சேரும் இடம் அது. ஒன்றரை வருடம் என்கிறீர்கள், கண்ணாடிச் சில்லுகூட இருக்கலாம். அதனால் வெறும் விரலால் துழாவ வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஒரு நீளக் கரண்டியால் வழித்து எடுங்கள். மிச்சத் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம்.

இனி கழுவும் வேலை. முதலில் குழாயடியில் வெளிப்பக்கத்திலிருந்து தண்ணீர் விடுங்கள். சக்கை உள்பக்கம்தான் ஒட்டியிருக்கும், வெளியிலிருந்து தள்ளினால் சுலபமாகப் பெயரும். அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும். நம் வீட்டுச் சமையலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அது பிரஷ்ஷுக்கு அசையாது. கை பொறுக்கும் வெந்நீரில் லிக்விட் கலந்து கால் மணி நேரம் ஊறவையுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துகொள்ளும், பிறகு பொருந்தாது. கம்பி நார் பக்கமே போக வேண்டாம்.

சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. தட்டைச் சல்லடையைக் கிடையாகப் பிடித்து ஒரு கை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சட்டென்று இறங்கினால் சரி. சல்லடைக் கண்களை அடைத்துக்கொண்டு மேலேயே பளபளவென்று தேங்கி நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை.

மாட்டும்போது தட்டை முதலில், உருளை அதன் மேல். இப்போது கடிகாரத் திசையில், அம்புக்குறிகள் நேருக்கு நேர் வரும்வரை திருப்புங்கள். முடிந்ததும் ஸ்ப்ரே ஆர்மைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். எங்கும் இடிக்காமல் சுற்ற வேண்டும்.

மாதம் ஒருமுறை கழுவினால் போதும் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் தினமும் ஓடுகிறது. போதுமா? (கோவை)

போதாது. தினமும் சாம்பார், ரசம், பொரியல் பாத்திரங்கள் விழுகிற மெஷினுக்கு வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன், மட்டன் சமைத்த மறுநாள் ஒரு பார்வை பாருங்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும்.

இதைச் சொன்னால் சிலர் எதிர்க்கோடிக்குப் போய், எல்லாப் பாத்திரத்தையும் குழாயில் அலசிவிட்டுத்தான் மெஷினில் அடுக்குகிறார்கள். அப்படியானால் மெஷின் எதற்கு? டிஷ்வாஷர் பொடியிலும் மாத்திரையிலும் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கும் என்சைம்கள் இருக்கின்றன. பருப்புக் கறை, சோற்றுக் கஞ்சி எல்லாம் அதன் பாடு. நீங்கள் செய்ய வேண்டியது வழித்துப் போடுவது மட்டும்தான். குறிப்பாகக் கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை, புளி நார், தாளித்த கடுகு. இவை எந்த என்சைமுக்கும் கரையாது.

ஃபில்டரைக் கழுவிய பிறகும் கதவைத் திறந்தால் ஒரு வாடை வருகிறது. (மதுரை)

கதவின் அடி விளிம்பைத் துடைத்தீர்களா? பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருப்பார். கழுவும் தண்ணீர் அந்த விளிம்புக்குச் சரியாக எட்டுவதில்லை. கதவைத் திறந்து அடியில் இருக்கும் ரப்பரை விரலால் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், கறுப்பாக வழவழவென்று படிந்திருக்கும். ஈரத்துணியில் லிக்விட் தொட்டுத் துடையுங்கள். பிறகு காலி மெஷினை, டிஷ்வாஷர் கிளீனர் போட்டு, உள்ளதிலேயே அதிகச் சூடான புரோகிராமில் ஒருமுறை ஓட்டுங்கள். வினிகர் ஊற்றலாம் என்பார்கள். என்றோ ஒருநாள் சரி, வாரா வாரம் ஊற்றினால் ரப்பர் கெடும். பிளீச் வேண்டவே வேண்டாம். ஸ்டீலை அரிக்கும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

இதையெல்லாம் செய்தும் வாடை போகாவிட்டால் பின்னால் இருக்கும் கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள். அது தரையோடு தொங்கிக் கிடந்தால் சிங்கின் அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பி வர வழி உண்டு. ஓரிடத்தில் மேலே ஏறி வளைந்து இறங்கும்படி கட்டியிருக்க வேண்டும்.

ஃபில்டரை எடுத்தால் குழியில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. பம்ப் போய்விட்டதா? (திருச்சி)

குழியின் அடியில் மட்டும் கொஞ்சம், அதுவும் தெளிவாக இருந்தால் கவலைப்படாதீர்கள். அது அங்கே இருக்க வேண்டியதுதான், பம்பின் ரப்பர்கள் காயாமல் இருக்கும். தட்டைச் சல்லடைக்கு மேலே ஏறி, கலங்கலாக நின்றால்தான் அடைப்பு. அப்போது ஃபில்டர், குழி, மடங்கிய குழாய், சிங்கின் அடைப்பு என்ற வரிசையில் பாருங்கள். நான்கும் சரியென்றால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஃபில்டர் முழுக்க மஞ்சளாகிவிட்டது. எதைப் போட்டாலும் போகவில்லை.

மஞ்சள்தூள் செய்த வேலை. கெடுதல் எதுவும் இல்லை. கண்ணை உறுத்தினால் ஒருநாள் பால்கனி வெயிலில் வையுங்கள், மங்கிவிடும்.

ஒழுங்காக ஃபில்டரைக் கழுவி மாட்டினேன். அன்றிலிருந்து டம்ளர்களில் மணல் போல ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது. கழுவாமலே இருந்திருக்கலாம் போல. (தாம்பரம்)

கோபம் புரிகிறது. உருளை முழுதாகப் பூட்டவில்லை, அல்லது தட்டைச் சல்லடை ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த இடுக்கு வழியாகச் சக்கை பம்புக்குப் போய், அங்கிருந்து ஸ்ப்ரே ஆர்ம் வழியாக உங்கள் டம்ளருக்கே வருகிறது. திரும்பக் கழற்றி, தட்டையை நான்கு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்து மாட்டுங்கள்.

கூடவே ஸ்ப்ரே ஆர்மையும் கழற்றுங்கள். சில மாடல்களில் மேலே இழுத்தால் வந்துவிடும், சிலவற்றில் நடுவே ஒரு திருகு இருக்கும். காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். கலகலவென்று கேட்டால் உள்ளே கடுகு போயிருக்கிறது! துளைக்கும் கடுகுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் வசமாக மாட்டிக்கொள்ளும். ஒரு குச்சியால் துளையைக் குத்தி, குழாய்த் தண்ணீரை ஆர்முக்குள் பாய்ச்சி, பெரிய வாய் வழியாகக் கொட்டிவிடுங்கள்.

போர் தண்ணீர்தான். ஃபில்டரிலும் டம்ளரிலும் வெள்ளையாகப் படிகிறது. மெஷின் உப்பு விலை அதிகம், சாதா உப்பு போடலாமா? (வேளச்சேரி)

கூடாது. சமையல் உப்பில் அயோடினும், கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருட்களும் இருக்கும். மெஷினுக்குள் தண்ணீரின் கடினத்தை எடுக்கும் ரெசின் ஒன்று இருக்கிறது, பொடி உப்பு அதை அடைத்துவிடும். டிஷ்வாஷருக்கென்றே விற்கும் கரடான உப்பை வாங்குங்கள். உப்பு போட்டால் மட்டும் போதாது, உங்கள் தண்ணீரின் கடினத்துக்கு ஏற்ப மெஷினில் அளவையும் வைக்க வேண்டும். சிறுவாணித் தண்ணீருக்கும் வேளச்சேரி போர் தண்ணீருக்கும் ஒரே அளவு சரிவராது. ஏற்கெனவே படிந்த வெள்ளைக்கு, வெந்நீரில் ஒரு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் பொடியைக் கரைத்து ஃபில்டரை ஊறவைத்தால் போதும்.

இன்னொன்று. ஃபில்டருக்குப் பக்கத்திலேயே தரையில் ஒரு திருகு மூடி இருக்கும். அதுதான் உப்பு போடும் வாய். அதை ஃபில்டர் என்று நினைத்துத் திறப்பவர்களும் உண்டு, சோப்புப் பொடியை அதில் கொட்டுகிறவர்களும் உண்டு. சோப்பு உள்ளே போனால் தண்ணீரை மென்மையாக்கும் பகுதியே பாழ். உப்பு போடும்போது வெளியே சிந்தினால் துடைத்துவிட்டு உடனே ஒரு புரோகிராம் ஓட்டுங்கள். உப்புத் தண்ணீர் ஸ்டீல் தரையில் நின்றால் துருப் புள்ளி விழும்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகள், அவள் வீட்டு மெஷினில் ஃபில்டரைக் கழுவுவதே இல்லை என்கிறாள். நமக்கு மட்டும் ஏன் இந்த வேலை? (சேலம்)

அவர் சொல்வது பொய்யில்லை. அங்கே பழைய மெஷின்கள் பலவற்றில் மிச்சத்தை அரைத்து வெளியே தள்ளும் பிளேடு இருந்தது. அரைப்பதால் சத்தம் அதிகம். இப்போது அங்கேயும் சத்தம் குறைவான, கையால் கழுவும் ஃபில்டர்தான் பரவலாக வருகிறது. மெஷினை மாற்றியிருந்தால், மகளையும் கீழ் ரேக்கை எடுத்துவிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

உருளை திரும்பவே மாட்டேன் என்கிறது. கட்டிங் பிளேயர் போட்டுத் திருப்பட்டுமா? (ஈரோடு)

வேண்டாம், பிடி உடைந்துவிடும். உப்புப் படிந்து இறுகியிருக்கும். சிட்ரிக் ஆசிட் கலந்த வெந்நீரை அதைச் சுற்றி ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு ரப்பர் கையுறையோடு பிடித்து, முதலில் லேசாக அமுக்கி, அப்புறம் திருப்புங்கள்.

சல்லடை ஓரத்தில் கிழிந்துவிட்டது. புதியது வரும்வரை ஃபில்டர் இல்லாமல் ஓட்டலாமா? (புதுச்சேரி)

ஒருநாள்கூட ஓட்டாதீர்கள். ஒரு சின்ன எலும்புத் துண்டு போதும், பம்பின் விசிறியை உடைத்துவிடும். ஃபில்டர் விலைக்கும் பம்ப் விலைக்கும் எங்கேயோ இருக்கிறது. கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண் முழுதாக இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்பி ஆர்டர் செய்யுங்கள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஃபில்டர்கள்கூட மாடலுக்கு மாடல் பொருந்தாது. உருளையும் தட்டையும் தனித்தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். அது வரும்வரை சிங்க்தான்.